சொரசொர சுவரை யார் துடைக்கிறது?

ஹால்ல டிவி சுவருக்கு மட்டும் கல் பதிச்ச மாதிரி டைல்ஸ் ஒட்டணும்னு எனக்கு ஆசை. இத்தனைக்கும் நம்ம ஓசூரைச் சுத்தி கிரானைட் பூமி. கிருஷ்ணகிரி பக்கம் நிஜக் கல்லையே வெட்டி ஏற்றுமதி பண்றாங்க. நாம குஜராத் மோர்பியிலேருந்து வர்ற 'கல் மாதிரி'யை வாங்குறோம். நல்ல கூத்து :-)

மக்களே, டிசைன்ல மயங்குறதுக்கு முன்னாடி அது சாதா செராமிக்கா, விட்ரிஃபைடான்னு கேளுங்க. செராமிக் சுவர் டைல் 10 சதவீதத்துக்கு மேல தண்ணி உறிஞ்சும். ஊற வெச்சு சிமெண்ட்லயே ஒட்டலாம். விட்ரிஃபைடு 0.5 சதவீதம் தாண்டாது. சிமெண்ட் சரியா பிடிக்காது, டைல் பசைதான் போடணும். "முப்பது வருஷமா சிமெண்ட்தான் சார்"னு எங்க மேஸ்திரி தெலுங்கு வாடையோட அடிச்சுப் பேசினார். கீழே சோபா போடுற இடம்ங்க, நானும் விடலை. பசைதான்.

சமையலறைக்கும் அதே டைலான்னு பேச்சு வந்தப்போ அம்மா ஒரே கேள்வி கேட்டாங்க: "தாளிக்கிற எண்ணெய் அந்தப் பள்ளத்துல இறங்கினா யாருடா தேய்க்கிறது? நீ பெங்களூர் பஸ்ஸைப் பிடிச்சு ஓடிடுவே."

நியாயம்தானே? அவங்களுக்கு தோள்பட்டை வலி வேற. அடுப்படிக்கு வழவழ டைல். ஹால் சுவர்ல அடையுற சிப்காட் லாரி தூசிக்கு மட்டும் பிரஷ்ஷோட ஞாயித்துக்கிழமை என் டியூட்டி.