நடு ஸ்பீக்கர்

5.1 எண்டால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். கடைகளில் அந்தச் சப்வூஃபரைத்தான் விக்கினம். குண்டு வெடிக்கிற காட்சியைப் போட்டு, தரை அதிரேக்க எங்கட முகத்தைப் பார்ப்பினம். எங்கட வீட்டில அது எடுபடாது. அம்மா ஷெல்லடிக்குள்ள பங்கரில் இருந்தவ. இப்பவும் இடி முழங்கினால் எழும்பி நிண்டிடுவா.

நாங்கள் தேடினது நடு ஸ்பீக்கரை. வசனத்தின் பெரும்பகுதி அதுக்குள்ளாலதான் வரும். மலிவெண்டு 2.1 எடுத்தால் அது இல்லவே இல்லை. பின்பக்க ரெண்டும் மழை, சனக்கூட்டம் மாதிரியான சத்தங்களுக்கு. அவை சின்னனாக இருந்தாலும் பரவாயில்லை.

நடு ஸ்பீக்கரை ரீவிக்குக் கீழே, காதை நோக்கிக் கொஞ்சம் சரித்து வைத்தோம். சப்வூஃபரை ஆகக் குறைச்சாச்சு. தம்பிக்கு இன்னும் கோபம். அம்மா மட்டும், “கதைக்கிறது விளங்குது” எண்டு முழுப்படமும் இருந்து பார்த்தா.