எல்லாம் கொழுப்பு!

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கொழுப்புக்கு ரெண்டு அர்த்தம். டாக்டர் சொன்னால் ரத்தத்தில் இருப்பது. வீட்டில் சொன்னால் வாயில் இருப்பது. தினமும் பஸ்ஸில் தேனிக்குப் போய் ஃபைல் புரட்டும் எனக்கு முதல் வகை எவ்வளவு என்று தெரியாது. ரெண்டாவது வகை தாராளமாக உண்டு என்பது அம்மாவின் தீர்ப்பு.

போன வருஷம் அந்தப் பட்டம் அப்பத்தாவுக்குக் கைமாறியது. சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் திண்ணையில் உட்கார்ந்து, "மருமக கஞ்சிகூட ஊத்தல" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லும். முப்பது வருஷம் ஆக்கிப் போட்ட அம்மா, அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "இந்த வயசுலயும் கொழுப்பு குறையுதா பாரு!"

மந்திரித்துத் தாயத்து கட்டலாம் என்றார் மாமா. நான் மதுரையில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் முடிந்து, "அல்ஸைமர்" என்றார். மறதி நோய். அம்மாவின் டயலாக்கைச் சொன்னதும் சிரித்தார். "கொழுப்புக்கும் இதுல பங்கு இருக்கு தம்பி. ஆனா, உங்கம்மா சொல்ற கொழுப்பு இல்ல."

அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். மூளையில் தண்ணீரை எடுத்துவிட்டால், மிச்சத்தில் பாதிக்கு மேல் கொழுப்புதானாம்! ஒவ்வொரு செல்லுக்கும் காம்பவுண்டு சுவரே ரெண்டு அடுக்குக் கொழுப்பு ஜவ்வுதான். அந்தச் சுவரில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தை நொதிகள் வெட்டும்போது விழும் துண்டுக்குப் பெயர் அமிலாய்டு பீட்டா. கடைசி வெட்டு விழுவதே ஜவ்வுக்குள்தான். 40 கண்ணி உள்ள துண்டு கொஞ்சம் சாது. 42 கண்ணி உள்ளது ஒட்டிக்கொள்ளும் ரகம். உங்கள் மூளையிலும் என் மூளையிலும்கூட இது உண்டாகிறது. மூளை அவ்வப்போது பெருக்கித் தள்ளிவிடுகிறது. பெருக்காமல் தங்கினால்தான் வில்லங்கம்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தரையில் கிடக்கும் கொடி சும்மா கிடக்கும். பந்தல் கம்பி கிடைத்தால்? பற்றி, படர்ந்து, பக்கத்துக் கொடியோடு பின்னிக்கொள்ளும். தண்ணீரில் தனியாக அலையும் அமிலாய்டுக்கு ஜவ்வுதான் பந்தல். அதில் படிந்ததும் உருவம் மாறி, நெருங்கி, அடுக்கடுக்காக நாராகிவிடும். ஒரு சின்னக் கட்டி சேர்ந்தால் போதும், உறைமோர் விட்ட பால் மாதிரி மற்றதையும் இழுத்துக்கொள்ளும். கடைசியில் கட்டிகள் ஜவ்வையே ஓட்டையாக்க, கால்சியம் கன்னாபின்னாவென்று உள்ளே புகுந்து செல்லைக் கெடுக்கும். கொடி கனத்துப் பந்தலே சரிந்த கதை!

எல்லாக் கொழுப்பும் குற்றவாளி இல்லை. சில வகை தூண்டிவிடும், சில வகை தடுக்கும். 1995-ல் ஜப்பானின் யானகிசாவா குழு, நோய் துவங்கிய மூளைகளில் ஒரு குறிப்பிட்ட கொழுப்போடு ஒட்டியிருந்த அமிலாய்டைக் கண்டுபிடித்தது. அந்தக் கொழுப்பின் பெயர் ஜி.எம்.1. நம் ஆபீஸ் ஜி.எம். இல்லை சார்... ஆனால், இவரைச் சுற்றியும் ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டே இருக்கும்! அதற்கு முன்பே 1993-ல், கொழுப்பைச் சுமந்து போகும் 'அபோ-ஈ' புரதத்தின் நாலாம் வகை மரபணு இருந்தால் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவில் கண்டிருந்தார்கள். இதுதான் முழுக் காரணம் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனிமாப் என்ற மருந்து அமிலாய்டைக் குறைக்கிறது. ஆனால், நோயின் வேகத்தைத்தான் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. போன நினைவைத் திருப்பித் தருவதில்லை.

"அப்ப, நெய்யை நிறுத்திருவமா மாப்ள?" என்றார் மாமா. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தோசையில் ஊற்றும் நெய் நேராக அங்கே போய் உட்காராது. அதற்காக டீக்கடை வடைக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நடுவயதில் ஏறும் கெட்ட கொலஸ்ட்ராலையும் மறதி நோய்க்கான ஆபத்துப் பட்டியலில் 2024-ல் லான்செட் நிபுணர் குழு சேர்த்திருக்கிறது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

இன்னொன்று. எல்லா மறதியும் அல்ஸைமர் இல்லை. தைராய்டு கோளாறு, பி12 குறைவு இவையும் மறதி தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே தாயத்துக்கு முன்னால் டெஸ்ட்!

திராட்சைப் பந்தல் கதையை அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப, அத்தை வேணும்னு சொல்லலியாடா?" என்றாள்.

"இல்லம்மா."

மறுநாள் திண்ணையிலிருந்து அதே புகார். அம்மா மறுத்துப் பேசவில்லை. ஒரு கிண்ணத்தில் ரெண்டு வாய் தயிர் சோறு பிசைந்து எடுத்துப் போனாள். "இந்தாங்க அத்தை, இப்பத்தான் ஆக்குனேன்." அப்பத்தா ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "நீ யாரு பெத்த புள்ளையோ, மகராசியா இரு" என்றது. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.