ஷட்டில் பேட் வாங்கப் போறீங்களா? முழங்கையையும் ஒரு வார்த்தை கேளுங்க

1/ நெய்வேலி டவுன்ஷிப்ல சாயங்காலமானா வட்டத்துக்கு வட்டம் ஷட்டில்தான். ஷிப்ட் முடிச்சுட்டு, நாற்பது வயசுக்கு மேல புதுசா ஆட வர்றவங்க நிறைய. ரொம்ப நல்ல விஷயம். ஆனா கொஞ்ச மாசத்துல அதுல சிலர் "டாக்டர், டிபன் கேரியர் தூக்க முடியல"ன்னு முழங்கையைப் பிடிச்சுட்டு வர்றாங்க. இந்த த்ரெட் அவங்களுக்காக.

2/ இதுக்குப் பேரு டென்னிஸ் எல்போ. 2004-ல சச்சினையே உட்கார வச்ச வலி. மணிக்கட்டைத் தூக்குற தசைகள் முழங்கையோட வெளிப்பக்க எலும்புல ஒட்டியிருக்கும். பேட்டை இறுக்கிப் பிடிச்சு அடிக்க அடிக்க அந்த இடம் நைஞ்சு போகும். ஸ்பேனர் பிடிச்சு வேலை பார்க்கிறவருக்கு இது பொழப்புப் பிரச்சனை.

3/ முதல்ல ஸ்ட்ரிங் டென்ஷன். டிவியில வர்ற பிளேயர் மாதிரி 28 பவுண்டு வேணும்னு கேட்காதீங்க. இறுக்கம் கூடக் கூட ஸ்ட்ரிங் தள்ளிவிடுற வேகம் குறையும், அந்த பலத்தை உங்க கைதான் கொடுக்கணும். நடுவுல படாத அடியோட அதிர்வும் நேரா முழங்கைக்குப் போகும். புதுசா ஆடுறவங்களுக்கு பாதி அடி நடுவுல படாது. 20-22 பவுண்டு போதும்.

4/ ஸ்ட்ரிங் 0.70 மி.மீ. தடிமன்ல போடுங்க. யோனெக்ஸ் பிஜி65 அந்த ரகம். சீக்கிரம் அறாது.

5/ எடை: 3யு-ன்னா 85-89 கிராம், 4யு 80-84, 5யு 75-79. உங்களுக்கு 4யு இல்ல 5யு. சின்ன வயசுல பூப்பந்து ஆடினவங்க கவனிங்க. அந்த நூல் பந்து 27-30 கிராம். ஷட்டில் 5 கிராம்தான். அந்த ஓங்கு ஓங்க வேண்டியதே இல்ல.

6/ தலைப்பக்கம் கனமான பேட் ஸ்மாஷுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா பழகாத கைக்கு பாரம். ஈவன் பேலன்ஸ், நல்லா வளையுற ஷாஃப்ட்னு கேட்டு வாங்குங்க. 2000-3000 ரூபாய்லயே கிடைக்கும்.

7/ கிரிப் ரொம்ப மெல்லிசா இருந்தா தானா இறுக்கிப் பிடிப்போம். பிடிச்சா விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி வேணும். பத்தலைன்னா மேல ஒரு ஓவர்கிரிப் சுத்துங்க. வேர்வைக்கும் நல்லது. நம்ம ஊர் வேர்வை தெரியும்ல!

8/ வெயில்ல நிக்கிற வண்டியில பேட்டை விடாதீங்க, சூட்டுல ஸ்ட்ரிங் தளரும். ஒரு ஸ்ட்ரிங் அறுந்தா மிச்சத்தையும் நடுவுல இருந்து வெட்டி விட்டுடுங்க. இல்லைன்னா ஃபிரேம் கோணும்.

9/ வீட்டு டெஸ்ட்: உள்ளங்கை கீழ பார்க்க, முழங்கையை நீட்டி ஒரு நாற்காலியைத் தூக்குங்க. முழங்கை வெளிப்பக்கம் சுருக்குன்னா, ஆட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. விரல் மரத்துப் போனா, வீக்கம் இருந்தா தள்ளிப் போடவே கூடாது.

10/ "ஒரு ஊசி போட்டு விடுங்க, ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு"ன்னு கேட்காதீங்க. ஸ்டீராய்டு ஊசியில வலி சட்டுனு குறையும். ஆனா கொஞ்ச மாசத்துல திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். நிஜமா சரி பண்றது ஓய்வும், பொறுமையா செய்யுற பிசியோ பயிற்சியும்தான்.

11/ பேட்ல மிச்சம் பிடிச்ச காசுக்கு நல்ல ஷட்டில் ஷூ வாங்குங்க. முட்டியைப் பத்தி இன்னொரு த்ரெட் எழுதுறேன். புதுசா பேட் வாங்கப் போற நண்பருக்கு இதை அனுப்பி விடுங்க.