உம்மாவுக்கு ஒரு பாதை

கல்முனைக்குப் புகையிரதம் வந்ததே இல்லை. இருப்புப்பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அத்தகைய ஊரான் தண்டவாளத்தைப் பற்றி எழுதுவது கண்டு வாசகர்கள் நகைக்கக்கூடும். அதற்குக் காரணம் என் உம்மா.

உம்மாவுக்கு நீரிழிவு. தினமும் அரைமணி நேரம் நடக்கும்படி வைத்தியர் பணித்தார். எங்கே நடப்பது? பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் ஓய்வதில்லை. கடற்கரை மணலுக்கு முழங்கால் இசைவதில்லை. ஈற்றில் வீட்டுக் கிணற்றைச் சுற்றி நடக்கலானார். "செக்கு மாடு மாதிரிச் சுத்துறன் மகன்" என்று ஒருநாள் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் தைத்தது.

பின்னர் அலுவலாகச் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தது. அங்கே தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயாப் புகையிரதம் 2011 ஜூன் 30ஆம் திகதியோடு நின்றது. மண்ணைப் பொன்னாக விற்கும் நாடு அது. துண்டு துண்டாக்கி மாளிகை எழுப்பியிருக்கலாம். ஆனால் அங்குள்ள இயற்கைக் கழகம், அவ்வழியைப் பசுமைப் பாதையாகக் காக்குமாறு 2010இலேயே வேண்டிற்று. இன்று அது 24 கிலோமீற்றர் நீளமான நடைபாதை. புக்கிட் தீமாவின் பழைய நிலையமும் பேணப்பட்டுள்ளது.

ஒரு காலைப்பொழுதில் அதில் நடந்தேன், மூச்சு வாங்கவில்லை. புகையிரதத்தால் செங்குத்தான மேடு ஏற இயலாது. ஆகவே அன்று மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்தார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்தச் சமன் இன்று முதியோரின் முழங்காலுக்கு உதவுகிறது. உம்மாவின் வயதுடைய பெண்கள் கைவீசி நடந்து சென்றார்கள்.

நம் நாட்டிலும் நானுஓயாவிலிருந்து இராகலைக்கு ஓடிய சிறுபாதை 1940களில் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியே ஓப்பநாயக்க வரை சென்ற பாதை 1976இல் கைவிடப்பட்டது. தண்டவாளம் போனபின் காவலற்ற நிலம் இங்கொரு வேலி, அங்கொரு கடை எனக் கரையும். நடுவே ஒரு முழம் போனாலும் பாதை பாதையன்று.

எங்களூரில் இருப்புப்பாதை இல்லாவிடினும், சமதரையான வயல் வாய்க்கால் கட்டுகள் உண்டு. ஊர் திரும்பியதும், சுபஹுத் தொழுகைக்குப் பின் உம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். கால் மைல் நடந்ததும் முட்கம்பி வேலி ஒன்று மறித்தது. வேலிக்கு அப்பாலும் கட்டு நீண்டு கிடந்தது.

"திரும்புவமா மகன்?" என்றார் உம்மா.

அன்று திரும்பினோம். பொதுவழி தானாக அழிவதில்லை. நாம் வாய்மூடி இருப்பதனால் அழிகிறது. வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், அயலவரிடம் இதைப் பேசுவதென்றிருக்கிறேன்.