பின்பக்கச் சுவர்

சிட்னியில் ஹண்டர்ஸ் ஹில் என்பது பரமட்டா ஆற்றுக்கும் லேன் கோவ் ஆற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலம். மரம் அடர்ந்த தெருக்கள், கீழே துறைமுகத் தண்ணீர். அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கினோம். முன்பக்கம் மணற்கல். பின்னால் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய குளியலறைக்கும் சலவை அறைக்கும் ஃபைப்ரோ என்ற சீமெந்துத் தகட்டுச் சுவர். புதுப்பிக்க வசதியான குடும்ப வீடு என்றுதான் விளம்பரம் சொன்னது. அந்தச் சுவர் போனால் சமையலறையில் நின்றே தண்ணீரைப் பார்க்கலாம். என் கண்ணில் பட்டது அது மட்டும்தான்.

தகட்டில் கல்நார் இருக்கக்கூடும் என்று வாங்குமுன் வந்த பரிசோதனை அறிக்கையில் எழுதியிருந்தது. வாசித்தேன். வாசிக்கவில்லை என்று கணவரிடம் சொன்னேன். அது பொய்.

ஆஸ்திரேலியா கல்நாரை முழுதாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31இல்தான். அதற்கு முந்திய பல வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 10 சதுர மீட்டருக்கு மேல் கழற்றுவதானால் உரிமம் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும். தகட்டை நனைப்பார்கள். உடையாமல் எடுப்பார்கள். தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோவார்கள். எங்கள் சுவர் அந்த அளவைவிடப் பெரிது. அவர்கள் கேட்ட பணத்தைக் கொடுத்தால், நான் ஆசைப்பட்ட சமையலறை கிடைக்காது. எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை. கொடுக்க எனக்கு மனமில்லை.

தெரிந்தவர் மூலம் ஒரு தம்பி வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தற்காலிக விசா. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். கூலியைக் கையில் கொடுப்பதாகப் பேசினேன். ரசீதில்லை, பதிவில்லை.

சுத்தியலைக் கையில் எடுத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முகத்துக்கு ஏதும் கட்ட வேணுமோ, அக்கா?"

"தேவையில்லை, தம்பி. பழைய சீமெந்துத் தகடுதானே."

அவர் உடைத்தார். மாலைவரை அந்தத் தூசுக்குள் நின்றார். வெறும் கையால் துண்டுகளை அள்ளினார். தலைமயிரிலும் சட்டையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனார். கல்நார்த் தொழிலாளிகளின் உடுப்பைத் துவைத்த மனைவிமாரும் நோய்ப்பட்டு இறந்திருக்கிறார்கள். அதையும் நான் முன்பே வாசித்திருந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று காலை என் பிள்ளைகளைத் தோழி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஆபத்தில்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லும் உரிமையை அப்போதே இழந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் கெல்லிஸ் புஷ் என்றொரு சிறு காடு உண்டு. 1971இல் அதை அழித்து வீடு கட்டப் பார்த்தபோது, இவ்வூர்ப் பெண்கள் பதின்மூன்று பேர் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். அங்கே வேலை செய்யமாட்டோம் என்று சங்கம் மறுத்தது. காடு தப்பியது. விருந்தினர்களை அங்கே கூட்டிப்போய் இந்தக் கதையைப் பெருமையோடு சொல்பவள் நான். அந்தத் தொழிலாளர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. என் வீட்டுக்கு வந்தவருக்குப் பின்னால் யாருமில்லை. அவரால் மறுக்க முடியாது என்பது தெரிந்துதான் அவரைப் பிடித்தேன்.

கல்நாரால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். வந்துவிட்டால் முற்றாகக் குணமாக்க மருந்தில்லை. ஒருநாள் தூசு எல்லோரையும் நோயாளியாக்குவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் அவருக்கு வராது என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாது. அவர் குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை அந்த வீட்டில் ஒவ்வொரு இருமலும் கேள்வியாக இருக்கும்.

ஆண்டுகள் போன பிறகே அவரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அண்டைக்கே ஏன் சொல்லேல்லை, அக்கா?" என்று மட்டும் கேட்டார். சொன்னால் நீ மறுத்துவிடுவாயோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மையான பதில். அதைக்கூட அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை.

நோய் வந்தால் இழப்பீடு கேட்க, எங்கே வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். கைக்காசு கொடுத்து அதையும் இல்லாமல் செய்திருந்தேன். ஆகவே நானே ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். முதலில் எழுதியதில், தகட்டில் என்ன இருந்ததென்று அப்போது அறியவில்லை என்று ஒரு வரி இருந்தது. அத்தனைக்கும் பிறகும் என் கை அப்படித்தான் எழுதியது. அதை அடித்துவிட்டு, தெரிந்துகொண்டே உடைக்கச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.