மே மாதத்தில் வந்த பனிப் படம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப யோசிக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுத்தான், பெயர் போடாமல் எழுதுகிறோம்.

மே மாதம் முதல் கிழமை. இங்கே வெயில் கொளுத்துகிறது, வகுப்பறையில் காற்றாடியும் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய மாணவன் ஒருவனுடைய படம் ஊர் முழுக்கப் போன்களில் சுற்றியது. சுவிஸில் ஒரு மலை உச்சி, காலில் பனிச்சறுக்குப் பலகை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, பின்னால் வெள்ளை வெளேரென்று பனி. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பார்த்துவிட்டு, "சேர், இது ஆனையிறவு உப்புக் குவியலா?" என்று கேட்டது. சிரித்தோம்.

அடுத்த கிழமை சிரிப்பு வரவில்லை. உயர்தரம் படிக்கிற ஒரு மாணவனின் அம்மா விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். ஏஜென்சிக்காரனோடு கதைத்தாயிற்று, இரண்டு ஏக்கர் வயல் காணியை ஈடு வைக்கப் போகிறார்களாம். ஏனம்மா, பரீட்சை எழுதட்டுமே என்றோம். பக்கத்தில் நின்ற மகன் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான். "இந்த அண்ணாவும் இஞ்சதானே படிச்சவர் சேர்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. போகாதே என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? எங்கள் ஆசிரியர் அறையில் இருப்பவர்களில் சிலர் 1990 ஒக்டோபரில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள். சிலர் 2009இல் செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்றவர்கள். ஊரை விட்டுப் போவது என்றால் என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். இங்கே வேலை இல்லை என்பதும் தெரியும்.

அதனால் நாங்கள் புத்தி சொல்லாமல், படத்தில் இருப்பவனையே கேட்போம் என்று முடிவெடுத்தோம்.

மறுநாள் பாடசாலை விட்டு, லுஹர் தொழுதுவிட்டு, இரண்டரை மணிக்கு வட்ஸ்அப்பில் எடுத்தோம். அங்கே காலை பதினொரு மணி. அம்மாவும் மகனும் பக்கத்தில் இருந்தார்கள். போனை மேசையில் வைத்து எல்லாரும் கேட்கும்படி விட்டோம்.

"சேர், அந்தப் படமா?" என்று சிரித்தான். "அது காலமை பத்தரைக்கு எடுத்தது. பின்னேரம் எடுத்திருந்தா நான் சேத்துக்குள்ள கிடந்திருப்பன்."

பிறகு அந்த மலையைப் பற்றிச் சொன்னான். அவன் இருப்பது ஏங்கல்பேர்க் என்ற மலையடி ஊர். லுசேர்னில் இருந்து ரயிலில் முக்கால் மணித்தியாலம். ஊரே ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் காரில் டிட்லிஸ் மலைக்குப் போகலாம். உச்சி நிலையம் 3,020 மீற்றர். எங்கள் பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான், யோசித்துப் பாருங்கள். கடைசிக் கேபிள் கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறும். 1992இல் போட்டதாம், உலகத்திலேயே அப்படிச் சுற்றுகிற முதலாவது. உச்சியில் பனியாறு இருப்பதால் கீழே புல் முளைத்த பிறகும், மே மாதத்திலும், மேலே சறுக்கலாம்.

ஆனால் மே மாதப் பனி மார்கழிப் பனி இல்லை. பகல் வெயிலில் இளகும், இரவில் திரும்ப உறையும். விடியக் காலமை கண்ணாடி மாதிரி இறுகி இருக்கும், விழுந்தால் கை முறியும். பத்து மணியளவில் மேல்தோல் மட்டும் இளகி, கல்லுப்பு மாதிரி மணி மணியாக வரும். அந்த ஒன்றிரண்டு மணித்தியாலம்தான் சறுக்க நல்ல நேரம். மத்தியானம் கடந்தால் உழுத வயல் மாதிரி. பலகை புதைந்துவிடும், முழங்கால் திரும்பிவிடும். இன்னும் வெயில் ஏறினால் ஈரப் பனி சரிவாக இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் எங்கள் கறுப்புத் தோலும் எரியுமாம். "மூக்கு உரிஞ்சு போச்சு சேர், அது படத்தில தெரியாது."

"மார்கழியில் நல்ல பனி இருக்கும்போது போகவில்லையா?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னான். நாலு பனிக்காலமாக அந்த மலைக்குக் கீழேயே இருக்கிறான், மேலே போனது இதுதான் முதல் தடவை. மார்கழியில் இருந்து ஈஸ்டர் வரை ஹோட்டல் நிறைய ஆட்கள். அவர்கள் சறுக்கிவிட்டு வந்து சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவது இவன். குசினி நிலத்துக்குக் கீழே. விடியமுன் இறங்கினால் இருட்டிய பிறகுதான் ஏறுவான். ஈஸ்டர் முடிந்ததும் ஆட்கள் குறைய, ஹோட்டலைச் சில கிழமைகளுக்குப் பூட்டிவிடுவார்கள். ஒப்பந்தமும் அதோடு முடியும். அடுத்த பருவத்துக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை இருக்கும்போது நேரம் இல்லை. நேரம் கிடைக்கும்போது சம்பளமும் இல்லை, பனியும் தண்ணீராகிவிடும்.

அன்றைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனது கூட வேலை செய்த போர்த்துக்கல்காரர் ஒருவர். பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு எடுத்தார்கள். டிக்கெட்டோடு சேர்த்து ஒரு நாள் செலவு எங்கள் மாதச் சம்பளத்தில் கிட்டத்தட்ட அரைவாசி. ஏழு தரம் விழுந்தானாம்.

"அப்ப ஏன்டா போட்டோவைப் போட்டாய்?"

"நான் போடேல்ல சேர். அம்மாவுக்கு மட்டும்தான் அனுப்பினன். ஒவ்வொரு நாளும் என்னைக் குசினி உடுப்போட பாத்து அழுறா. ஒரு நாளாவது சந்தோசமாப் பாக்கட்டும் எண்டு. மாமிதான் பேஸ்புக்கில போட்டவா."

அறையில் யாரும் கதைக்கவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

மாணவன் ஒரேயொரு கேள்விதான் கேட்டான். "அண்ணா, இடையில ஊருக்கு வந்திட்டுப் போக ஏலுமா?"

"இப்ப ஏலாது தம்பி. எனக்கு எஃப் அட்டை." எஃப் அட்டை என்றால் தற்காலிக அனுமதி. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டும் திருப்பி அனுப்ப முடியாதவர்களுக்குக் கொடுப்பது. ஊருக்கு வந்து போவது அதில் நடக்காது. அவனுடைய அப்பப்பா மௌத்தானபோது மையித்தை வீடியோவில்தான் பார்த்தான். அது எங்களுக்குத் தெரியும், அன்று ஜனாஸாவுக்கு நாங்களும் போயிருந்தோம்.

வைக்கும்போது அவனே ஒன்று சொன்னான். "தம்பி, வரவேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். நான் வந்த கடன் முடிஞ்சுது, தங்கச்சியைப் படிப்பிக்கிறன், அல்ஹம்துலில்லாஹ். ஆனா கையில தொழிலோட வா. இஞ்ச சமையல் படிச்சவன் அடுப்படியில நிக்கிறான். நான் கோப்பை கழுவுறன்."

திங்கட்கிழமை அந்த மாணவன் வகுப்புக்கு வந்தான். அம்மா விடுகைப் பத்திரப் படிவத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, கிழிக்கவும் இல்லை. என்ன முடிவெடுப்பார்களோ, அது அவர்களுடைய முடிவு. பரீட்சை வரைக்குமாவது பொறுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறோம்.

பெற்றோருக்கு இரண்டு விஷயம். வெளிநாட்டு வேலை என்று யாராவது காசு கேட்டால், முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். காணி உறுதியைக் கொடுப்பது அதற்குப் பிறகு. அடுத்தது, கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே என்.வி.கியூ. சான்றிதழோடு தொழில் படிக்கலாம். போகிற பிள்ளைக்கும் உதவும், இங்கே இருக்கிற பிள்ளைக்கும் உதவும். விபரம் தேவையென்றால் பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள், இருந்து கதைப்போம்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு: பனிப் படம் அனுப்புங்கள், பார்க்க எங்களுக்கும் சந்தோசம்தான். குசினிப் படத்தையும் எப்போதாவது ஒன்று அனுப்புங்கள். அதைப் பார்த்து உங்களை ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டோம்.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த பருவத்துக்கும் வேலை கிடைக்க துஆ செய்யுங்கள்.