டயல் திரும்பினா போட்டோ அம்பேல்!

கேமராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு கல்ச்சுரல்ஸ்ல கெத்தா சுத்துற மக்களே, ஒரு நிமிஷம்! மேல இருக்கிற டயலைக் கொஞ்சம் பாருங்க. ஜீரோவுலதான் நிக்குதா?

எந்த டயல்னு கேக்கறீங்களா? -3ல இருந்து +3 வரைக்கும் நம்பர் போட்டிருக்குமே, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்... அதான். ஃபியூஜி கேமராக்கள் பலதுல இதுக்குன்னே தனி டயல், கட்டைவிரலுக்குப் பக்கத்துலயே இருக்கும். கேனான்ல நிறைய மாடல்கள்ல பின்பக்கச் சக்கரம் சுத்தினாலே மாறிடும். பெரும்பாலும் மூணு கிளிக் ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் ஏறினா வெளிச்சம் ரெண்டு மடங்கு, ரெண்டு ஸ்டாப்னா நாலு மடங்கு. பையில இருந்து கேமராவை உருவுற அவசரத்துல ஆறு கிளிக் நகர்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகிடும்?

எங்க ஒர்க்‌ஷாப்ல லேத் சொல்லிக்கொடுத்த அண்ணே ரிட்டையர் ஆனார். வயசு என்னவா இருந்தாலும் எல்லா பேட்ச்சுக்கும் அவர் அண்ணேதான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்துல மாலையோட லேத் பக்கத்துல நின்னார். ஃப்ரெண்ட் ஒருத்தன் எடுத்தான். டயல் +2ல இருந்தது யாருக்கும் தெரியாது. அண்ணேக்கு சட்டை இருந்த இடத்துல ஒரு வெள்ளைத் திட்டு. நெத்தியும் பாதி காணோம்! “தம்பி, வீட்ல மாட்டணும்”னு ரெண்டு தடவை கேட்டுட்டார் மனுஷன். அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே போய் எடுத்துக்கொடுத்தோம். சட்டை மடிப்பு எல்லாம் பளிச்சுனு வந்துச்சு. லேத்தைத்தான் தூக்கிட்டுப் போக முடியல.

இருட்டா வந்த படத்தையாவது கம்ப்யூட்டர்ல ஓரளவு தேத்தலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியா தெரியும், அவ்வளவுதான். மொத்தமா வெளுத்துப்போன ஜே.பி.ஜி-யில தேத்த எதுவுமே மிச்சம் இருக்காது.

நான் மெக்கானிக்கல் ஸ்டூடன்ட். அதனால சொல்றேன்... டயல்ல வர்ற ‘டிக்’குக்குக் காரணம் பள்ளத்துல போய் விழுற ஒரு ஸ்பிரிங் சமாச்சாரம். ஸ்பிரிங் டைட்டா இருந்தா விரல் வலிக்கும். லூஸா இருந்தா பையிலேயே சுத்தும். கம்பெனிகளே இதுல ரொம்ப வருஷம் மல்லுக்கட்டியிருக்காங்க. கேனான் 2010ல 60டி-யில மோட் டயலுக்கு நடுவுல லாக் பட்டன் வெச்சாங்க. அதே வருஷம் 5டி மார்க் 2, 7டி வெச்சிருந்தவங்களுக்கு காசு வாங்கிக்கிட்டு அதே மாதிரி லாக் பொருத்தியும் கொடுத்தாங்க! 2014ல வந்த ஃபியூஜி எக்ஸ்-டி1ல ஐ.எஸ்.ஓ டயலைத் திருப்பணும்னா ஒவ்வொரு தடவையும் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும், கடுப்பு. 2016ல எக்ஸ்-டி2ல பால்பாயின்ட் பேனா மாதிரி ஆக்கிட்டாங்க. ஒரு அமுக்கு லாக், இன்னொரு அமுக்கு ஃப்ரீ. என் ஓட்டு இதுக்குத்தான்.

உங்க கேமராவுல ‘லாக்’னு ஸ்விட்ச் இருந்தா தள்ளி விடுங்க பாஸ். நிக்கான்காரங்க தப்பிச்சீங்க, பல மாடல்கள்ல பட்டனை அமுக்கிக்கிட்டே சுத்தினாதான் மாறும். ஆனா மாறிட்டா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் தானா ஜீரோவுக்கு வராது.

வெயில்ல ஸ்க்ரீனை நம்பாதீங்க. ஹைலைட் வார்னிங்கை ஆன் பண்ணி வெச்சா, வெளுத்த இடம் கண் சிமிட்டிக் காட்டிக்கொடுத்துடும். கிளப் கேமரான்னா இன்னும் உஷார், போன வாரம் எடுத்தவன் நைட் ஷோவுக்கு வெச்ச செட்டிங் அப்படியே உக்காந்திருக்கும். டயல் மேல டேப் ஒட்டுறவங்களும் உண்டு. நல்ல ஐடியாதான். ஆனா இன்சுலேஷன் டேப் வேணாம், நம்ம ஊர் வெயிலுக்கு அது பிசுபிசுன்னு ஆகிடும்.